பொன்மலை நர்ஸம்மாவைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

மகள் (தொடங்கி வைப்பவர்):

அம்மா போன மாதம் போய்ச் சேர்ந்தார். 88 வயது, படுக்கையில் கிடந்தது கொஞ்ச நாள்தான், கல்யாணச் சாவு என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு என் பேரன் "கொள்ளுப்பாட்டி ஆஸ்பத்திரியில என்ன பண்ணினாங்க" என்று கேட்டான். ஊசி போட்டாங்க, கட்டு கட்டினாங்க என்று சொல்லிவிட்டு யோசித்தால், எனக்கே அதற்கு மேல் அவ்வளவாகத் தெரியவில்லை. அம்மா வீட்டுக்கு வந்தால் ஆஸ்பத்திரிப் பேச்சு எடுக்கமாட்டார். அதனால்தான் கேட்கிறேன். திருச்சி பொன்மலையில் இருந்தவர்கள், கூட வேலை பார்த்தவர்கள், அம்மா கையால் ஊசி போட்டுக்கொண்டவர்கள், தெரிந்ததை எழுதுங்கள். தியாகி, தேவதை எல்லாம் இரங்கல் போஸ்டரிலேயே அச்சடித்தாயிற்று. இங்கே நடந்ததை மட்டும் எழுதுங்கள், திட்டியிருந்தால் அதையும்.

எனக்குத் தெரிந்தது இது. 1936ல் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தார், புதுக்கோட்டை அப்போது ராஜா ஆட்சி நடந்த தனி சமஸ்தானம், 1948ல்தான் இந்தியாவோடு சேர்ந்து திருச்சி ஜில்லாவில் வந்தது. அத்தை ஒருத்தியின் பிரசவத்துக்குத் துணையாகப் போனபோது ஒரு நர்ஸ் நெஞ்சில் தலைகீழாகக் குத்தியிருந்த கடிகாரத்தைப் பார்த்து நாடி எண்ணி எழுதினாராம். "பொம்பளை மணி பார்த்து எழுதுறதை அன்னைக்குத்தான் முதல்ல பார்த்தேன்" என்பார். அப்பா இல்லாத வீடு, மாமாக்கள் தயவில் சாப்பாடு. கண்டவன் உடம்பையும் தொடுகிற வேலைக்கா போவாய், எவன் கட்டுவான் என்று அந்த மாமாக்கள் குதித்தார்கள். கடைசியில் சம்மதித்ததற்குக் காரணம் சேவை மனப்பான்மை ஒன்றும் இல்லை, பயிற்சிக் காலத்திலேயே ஸ்டைபண்ட் உண்டு, விடுதிச் சாப்பாடு உண்டு. அந்தக் காலத்தில் பெண் பிள்ளையைப் படிக்க வைக்கக் காசு கேட்காத படிப்பு வேறு எது?

1954ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே 1871லேயே நர்ஸிங் பயிற்சி தொடங்கிவிட்டது, அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவுக்கு ஒரு மிடுக்கு வரும். தொடக்கத்தில் கட்டில் விரிப்பதுதான் பாடமாம். விரிப்பின் மூலையை உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகவேண்டும், ஒரு சுருக்கம் இருந்தால் பிரித்து மறுபடி. எங்கள் வீட்டில் இன்றைக்கும் எந்தக் கட்டிலிலும் அந்த மூலை அப்படித்தான் இருக்கும், மாற்றி விரித்தால் எனக்குத் தூக்கம் வராது.


பொன்மலை காலனிக்காரர், இப்போது கோவை:

அக்கா, நான் 1966ல் ரயில்வே காலனி வீட்டிலேயே பிறந்தவன். ரயில்வே ஆஸ்பத்திரி பக்கத்தில்தான், ஆனால் நல்ல மழை, அம்மாவுக்குப் பனிக்குடம் உடைந்து நடக்க முடியவில்லை. அப்பா ஓடிப்போய் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். நர்ஸம்மா வந்ததும் முதலில் செய்த காரியம், அப்பா பதற்றத்தில் பற்றவைத்த பீடியைப் பிடுங்கி எறிந்தது. அப்புறம் கத்திரிக்கோலையும் நூலையும் வெந்நீரில் கொதிக்கவைக்கச் சொல்லிவிட்டு, பாட்டி கொண்டுவந்த பழைய துணியைத் தூக்கிப்போட்டுவிட்டு, துவைத்து வெயிலில் காய்ந்த வேட்டி இருக்கிறதா என்று கேட்டாராம். நான் பிறந்ததும் அழவில்லை. வாயில் ரப்பர் குழாயை வைத்து சளியைத் தன் வாயாலேயே உறிஞ்சித் துப்பினார், உள்ளங்காலைச் சுண்டினார், அப்புறம்தான் கத்தினேன் என்று என் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லார் வீட்டிலும் பிறந்த கதை இருக்கும், எங்கள் வீட்டில் அதில் பாதி நர்ஸம்மா அப்பாவைத் திட்டின திட்டுதான்.

வளர்ந்த பிறகு நாங்கள் அவரைக் கண்டால் ஓடுவோம். ரயில்வே பட்டறைச் சங்கு ஊதிப் பெரியவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு, ஊசி போடவேண்டியவர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் போடவேமாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும். காசு வாங்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தையில் வாங்கிய முருங்கைக்காயோ கீரையோ கொடுத்தால் வாங்கிக்கொள்வார். எங்கள் அம்மா தந்த கத்திரிக்காயைப் பார்த்து "இதுல பூச்சி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்ததும் நடந்தது.


ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ், புதுக்கோட்டை:

மகளே, உன் அம்மா எனக்கு சீனியர். நான் 1978ல் சேர்ந்தேன், எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அவர்தான், பாடப்புத்தகம் அல்ல. உன் பேரன் கேட்டதற்கு நான் பதில் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

இப்போது மாதிரி ஒரு முறை போட்டுத் தூக்கி எறியும் ஊசி அப்போது கிடையாது. கண்ணாடி சிரிஞ்சு. குழாயும் உள்ளே போகும் தண்டும் ஜோடி, இரண்டிலும் ஒரே நம்பர் போட்டிருக்கும், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிப் போட்டால் மருந்து பின்னால் கசியும் அல்லது இறுகிக்கொள்ளும். தனித்தனியாகக் கழற்றிக் கழுவி, காஸ் துணியில் சுற்றி, ஸ்டெரிலைசரில் கொதிக்கவைத்து, சீட்டில் (Cheatle) ஃபோர்செப்ஸ் என்கிற நீளமான இடுக்கியால் எடுத்துப் பூட்டவேண்டும். ஊசியின் துளைக்குள் மெல்லிய கம்பி விட்டு அடைப்பு எடுப்போம். முனையைப் பஞ்சில் இழுத்துப் பார்க்கவேண்டும், பஞ்சு நூல் ஒட்டிக்கொண்டு வந்தால் முனை மடங்கிவிட்டது என்று அர்த்தம், கல்லில் தீட்டவேண்டும். உன் அம்மா அந்தச் சாணைக்கல்லைப் பூட்டி வைத்திருப்பார், வேறு யாரும் தீட்டக்கூடாது, சரிவு மாறினால் நோயாளிக்கு வலிக்கும் என்பார். அவர் தீட்டின ஊசிக்குக் குழந்தைகள் அவ்வளவாக அழாது, இது மிகைப்படுத்தி எழுதுவது இல்லை.

கையுறையும் அப்படித்தான். ஆபரேஷன் முடிந்ததும் கழுவி, ஊதிப் பார்த்து, ஓட்டை இருந்தால் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுவதுபோல் ஒட்டுப் போட்டு, பவுடர் தூவி, ஜோடி சேர்த்து டிரம்மில் அடுக்கி, நீராவியில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்கு அனுப்புவோம். காஸ் துணிச் சுருள்களை வெட்டி மடித்து எண்ணி வைப்பது மத்தியான வேலை. எண்ணிக்கை என்றால் உன் அம்மாவுக்கு உயிர். வயிற்றைத் திறந்த கேஸில் உள்ளே போன துண்டும் வெளியே வந்த துண்டும் ஒன்றாக இருந்தால்தான் தையல், சர்ஜன் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் "சார், ஒண்ணு குறையுது" என்று நிறுத்திவிடுவார்.

காலரா வார்டைப் பற்றி அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும், அதெல்லாம் அறுபதுகளில். கட்டிலின் நடுவில் வட்டமாக ஓட்டை, கீழே வாளி, போகிற தண்ணீரை அளந்து அதற்கு ஈடாக சலைன் ஏற்றவேண்டும். அளவை எழுதாமல் விட்டால் ஆள் போய்விடுவான். வாந்தி பேதிக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று வீட்டுக்காரர்கள் அழுவார்களாம், உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தால் ஆளைக் காப்பாற்றலாம் என்பது 1971ல் வங்காளதேச அகதி முகாம்களில் நிரூபணமான பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

டி.பி. வார்டில் நாங்கள் சேர்ந்தே வேலை செய்தோம். தினமும் ஸ்ட்ரெப்டோமைசின். தொண்ணூறு ஊசி என்று ஜனங்கள் சொல்வார்கள், பாதியில் ஓடிவிடுவார்கள், உன் அம்மா விலாசத்தை வைத்துக்கொண்டு ஆள் அனுப்பி இழுத்துவருவார். வீட்டில் வைத்தே டி.பி.யைக் குணப்படுத்தலாம், சானடோரியத்தில் போட்டுப் பூட்டவேண்டியது இல்லை என்று 1956ல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு உலகத்துக்கே காட்டியது, அவர் அதைப் படித்துவிட்டு எங்களுக்கு வகுப்பு எடுப்பார். அந்த மருந்து கையில் பட்டுப் பட்டு நர்ஸ்களுக்குத் தோல் வெடிக்கும். உன் அம்மாவின் விரல் இடுக்கெல்லாம் செதில் செதிலாக உரிந்திருக்கும், நீ பார்த்திருப்பாய்.

இன்னும் ஒன்று. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன், அவர் பல ஊருக்கு மாற்றலாகிப் போனவர். ராத்திரி டியூட்டியில் ஒரு ஹவுஸ் சர்ஜன், பயிற்சி டாக்டர், தூக்கமில்லாத பையன், பொட்டாசியம் குளோரைடை நேராக நரம்பில் போடச் சொல்லிவிட்டான். அதை சலைனில் கலந்து மெதுவாகத்தான் ஏற்றவேண்டும், நேராகப் போட்டால் இதயம் நின்றுவிடும். இவர் "போடமாட்டேன்" என்றார். நான் டாக்டர், எழுதிக் கொடுக்கிறேன் என்று அவன் குரலை உயர்த்த, இவர் அந்த மருந்துக் குப்பியை, ஆம்பூலை, இடுப்பில் செருகிக்கொண்டு "எழுதுங்க சார், ஆம்பூலை நான் தரமாட்டேன்" என்று நின்றார். காலையில் பெரிய டாக்டர் வந்து கேஸ் ஷீட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. பாராட்டும் இல்லை, மெமோவும் இல்லை. அந்த மாதிரி விஷயத்துக்கு மெமோ வராததுதான் எங்களுக்குப் பாராட்டு.


ஒரு வாசகர்:

ஆழ்ந்த இரங்கல். என் அம்மாவும் நர்ஸ்தான், திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில். படிக்கப் படிக்கக் கை நடுங்குகிறது, பிறகு எழுதுகிறேன்.


சின்ன மகன்:

அக்கா, திட்டியிருந்தால் அதையும் எழுதச் சொன்னாய். நான் திட்டுவதை எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயதில் அம்மா என்றால் சாத்திய கதவு. நைட் டியூட்டி முடிந்து காலையில் வருவார், குளிப்பார், நமக்குச் சோறு பிசைந்து வைத்துவிட்டுப் படுத்துவிடுவார். வீட்டில் சத்தம் கேட்கக்கூடாது. மே மாதம் வெயிலில் நான் வெளியே வேப்பமரத்தடியில் தனியாகக் கோலி ஆடிக்கொண்டிருப்பேன், ரேடியோ போட முடியாது, நண்பர்களைக் கூப்பிட முடியாது. பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு அப்பா வருவார், தலை சீவிவிட அப்பா, காய்ச்சலுக்கு மிளகு ரசம் வைக்க அப்பா. நோயாளிக்கு வலிக்கக்கூடாது என்று ஊசி தீட்டினவர் என்று இங்கே எழுதுகிறீர்கள், எனக்குக் காய்ச்சல் வந்தால் தெர்மாமீட்டரை உதறி வாயில் வைத்துவிட்டு "நூறுதான், பள்ளிக்கூடம் போ" என்பார்.

ஐந்தாம் வகுப்பில் மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தது. பக்கத்து வீட்டு மாமா தூக்கிக்கொண்டு நேராக அம்மா டியூட்டி பார்த்த இடத்துக்கே கொண்டுபோனார். அம்மா ஒரு தீக்காயப் பெண்ணுக்குக் கட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், கையைப் பார்த்தார், இன்னொரு சிஸ்டரிடம் "இவனை எக்ஸ்ரேக்கு அனுப்பு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மாவுக்கட்டுப் போட்டு முடித்த பிறகுதான் வந்தார். வந்து முதலில் பார்த்தது என் விரல் நுனி நீலமாகிறதா என்றுதான், முகத்தை இல்லை.


ஓய்வுபெற்ற ஹெட் நர்ஸ்:

தம்பி, தீக்காயத்தைப் பாதி திறந்து வைத்துவிட்டு வர முடியாது. கிருமி ஏறிவிடும், அந்தப் பெண் வலியில் துடித்துக்கொண்டிருப்பாள், மறுபடி முதலிலிருந்து ஊறவைத்துப் பிரிக்கவேண்டும். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.


சின்ன மகன்:

தெரியும் சிஸ்டர். தெரிந்தும்தான் கோபம்.


மகள்:

அவன் எழுதினது எல்லாம் நிஜம். மூத்தவள் என்பதால் எனக்குக் கொஞ்சம் அதிகம் கிடைத்தது, அவனுக்குக் குறைவு. ஆனால் அவனுக்கு அப்போது ஆறு வயது, 1974 அவனுக்குச் சரியாக ஞாபகம் இருக்காது, அதை எழுதினால்தான் அம்மா ஏன் நைட் டியூட்டியைக் கேட்டு வாங்கினார் என்பது புரியும்.

அப்பா பொன்மலைப் பட்டறையில் ஃபிட்டர். தாத்தாவும் அங்கேதான். 1946 செப்டம்பர் 5ல் பொன்மலையில் துப்பாக்கிச்சூடு நடந்து ஐந்து தொழிலாளர்கள் செத்தபோது அப்பாவுக்குப் பதினாறு வயது, அது அவர் மனதிலிருந்து போகவே இல்லை. 1974 மே 8ஆம் தேதி நாடு முழுக்க ரயில்வே ஸ்டிரைக், ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில். அப்பா சங்கத்தில் முன்னால் நிற்கிறவர், முதல் நாளே தலைமறைவு. ராத்திரியில் போலீஸ் வந்து கதவைத் தட்டும், பாட்டியும் நாங்களும் மூலையில் சுருண்டு கிடப்போம். ஒரு நாள் விடியற்காலையில் அம்மா டியூட்டி முடிந்து வெள்ளைப் புடவையோடு வருகிறார், வாசலில் இரண்டு கான்ஸ்டபிள். அதில் ஒருவர் "சிஸ்டர், நீங்களா! எங்க அம்மாவுக்கு முதுகுல கட்டி, உடைஞ்சிருக்கு, அஞ்சாறு நாளா ஆறல" என்று ஆரம்பித்துவிட்டார். அம்மா வாசலிலேயே நின்று சர்க்கரை இருக்கிறதா, மூத்திரம் பார்த்தாயா என்று விசாரித்து, வெளிநோயாளி சீட்டு போட்டு எத்தனை மணிக்குக் கூட்டிவரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அப்பா எங்கே என்று கேட்கவே அவர்களுக்கு மறந்துவிட்டது. மறந்ததோ, மறந்தமாதிரி போனதோ.

27ஆம் தேதி ஸ்டிரைக் வாபஸ். ஆனால் அப்பா மறுபடி வேலைக்குப் போனது 1977ல் டெல்லியில் ஆட்சி மாறிய பிறகுதான், அவர் மாதிரி எத்தனையோ பேர். குவார்ட்டர்ஸைக் காலிசெய்து வாடகை வீட்டுக்குப் போனோம். மூன்று வருடம் அம்மா சம்பளத்தில்தான் பிள்ளைகள் மூன்று பேர், பாட்டி, அப்பா எல்லாரும் சாப்பிட்டோம். தாலிக்கொடி அடகுக்குப் போய் மஞ்சள் கயிறு வந்தது. பகல் டியூட்டி பார்க்கிறவர்கள் வீட்டு விசேஷம், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவர்கள் நைட்டை இவர் வாங்கிக்கொள்வார், அவர்கள் பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுப்பார்கள், அந்த ஞாயிறுகளில் ஒரு தனியார் டாக்டரிடம் ஊசி போடப் போவார். அரசு வேலையில் இருந்துகொண்டு அது செய்யலாமா என்று கேட்காதீர்கள், அரிசி வாங்கவேண்டும்.

அப்பாவைப் பற்றியும் சொல்லவேண்டும். பொண்டாட்டி சம்பளத்தில் சாப்பிடுகிறவன் என்று தெருவில் பேசினார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சமைக்கக் கற்றுக்கொண்டார், எனக்கு இரட்டைப் பின்னல் போட்டுவிடுவார், ஒன்று மேலே ஒன்று கீழே இருக்கும். தினம் சாயங்காலம் டிபன் கேரியரை சைக்கிளில் மாட்டிக்கொண்டு பொன்மலையிலிருந்து அம்மா வேலை பார்த்த புத்தூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போவார். வாட்ச்மேன் முதற்கொண்டு எல்லாருக்கும் அவரைத் தெரியும், "நர்ஸம்மா வீட்டுக்காரர்" என்பதுதான் அவர் பேர். 1977 நவம்பரில் புயலடித்துத் திருச்சியில் வெள்ளம் புகுந்தபோது அம்மாவால் வீட்டுக்கு வரமுடியவில்லை, மாற்று ஆளும் போக முடியவில்லை, வார்டிலேயே சில நாள் கிடந்தார். அப்பா இடுப்பளவு தண்ணீரில் சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போய்க் கேரியரைக் கொடுத்துவிட்டு வந்தார். உள்ளே புளிசாதம், அப்பளம். அப்பளம் நமுத்துவிட்டது என்று அம்மா சொன்னாராம், அதை அப்பா சாகும்வரை சொல்லிச் சிரிப்பார்.


மருமகள் (பெரிய மகன் மனைவி):

எங்கள் மாமியாரை நான் கல்யாணத்துக்கு முன் பயந்துகொண்டுதான் பார்த்தேன். பாத்திரம் கழுவினால்கூட மூக்கால் முகர்ந்து பார்ப்பார். நான் வந்த புதிதில் மாமாவின் அம்மா, அதாவது பாட்டி, பக்கவாதத்தில் படுத்துவிட்டார். நர்ஸ் வேலை பார்க்கிற பெண் எனக்கு மருமகளா என்று கல்யாணத்தின்போது சாப்பிடாமல் உட்கார்ந்தவர் அவர்தான் என்று எல்லாரும் சொல்வார்கள். அத்தை ஒரு நாளும் அதைக் குத்திக்காட்டிப் பார்த்ததில்லை, அதற்காகக் கொஞ்சிக் குலாவியும் பார்த்ததில்லை. சுவரில் ஒரு அட்டை, அதில் பென்சிலை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம் என்று புரட்டிப் படுக்கவைத்து நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், நான், என் கணவர், மாமா எல்லாரும். ராத்திரி இரண்டு மணிக்கு மாமா கையெழுத்து இருக்கும். ஒரு தடவை நான் புரட்டாமலே எழுதினேன் என்று சந்தேகப்பட்டு முதுகுத் தோலைத் தொட்டுப் பார்த்தார், சூடும் சிவப்பும் இல்லை என்றதும் போய்விட்டார், மன்னிப்பு கின்னிப்பு ஒன்றும் கிடையாது. பாட்டிக்குக் கடைசிவரை ஒரு படுக்கைப்புண் வரவில்லை.


பொன்மலை காலனிக்காரர்:

1994ல் ரிட்டையர் ஆனாரே, அப்புறமும் சும்மா இருந்தாரா? 1995 டிசம்பரில் முதல் தடவை போலியோ சொட்டு மருந்து முகாம் வந்தபோது எங்கள் தெரு முனை பூத்தில் மேஜைக்குப் பின்னால் அவர்தான். வராத வீடுகளுக்குத் தானே போய்ப் பிள்ளைகளைத் தூக்கிவந்தார். பின்னால் வந்த ஒரு முகாமில், சுண்டுவிரலில் மை வைத்ததை அழித்துவிட்டு இன்னொரு சொட்டுக்கு வந்த என் பையனைப் பிடித்துவிட்டார், இனிப்பாக இருக்கிறதாம் அவனுக்கு.


பேத்தி, பர்மிங்காம்:

பாட்டியைப் பார்த்து நர்ஸ் ஆனேன் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிஜம் என்னவென்றால் நான் பி.எஸ்ஸி. நர்ஸிங் சேருகிறேன் என்றதும் பாட்டிதான் முதலில் வேண்டாம் என்றார். "கால் வீங்கும், முதுகு போகும், வேற எதாச்சும் படி" என்றார். நான் கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு, தன் பென்ஷனிலிருந்து எனக்கு நல்ல செருப்பு வாங்கிக்கொடுத்தார், விலையைப் பார்க்காதே, குதிகால் பார் என்று.

2020ல் நான் இங்கே ஐ.சி.யு.வில். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்து 200 வருடம் என்று அந்த ஆண்டை உலக சுகாதார நிறுவனம் நர்ஸ்களுக்கான ஆண்டாக அறிவித்திருந்தது, கொண்டாட்டம் எப்படி இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். டியூட்டி முடிந்து, முகத்தில் மாஸ்க் தடம் போகாமல், பாட்டிக்கு வீடியோ கால் போட்டு அழுதேன். சாதாரணமாக ஐ.சி.யு.வில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் பாட்டி, இப்போது ஆள் பற்றாமல் இரண்டு மூன்று பேரைப் பார்க்கச் சொல்கிறார்கள் என்றேன். பாட்டி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் "ஒருத்தருக்கு ஒரு நர்ஸா?" என்று கேட்டார். நான் அழுததெல்லாம் காதில் விழவில்லை, அதுதான் விழுந்தது. "எங்க வார்டுல கீழ பாய்ல படுத்தவங்களையும் சேர்த்தா எண்ணவே முடியாது, ராத்திரி நான் ஒருத்திதான்" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது, அப்போ நான் கஷ்டப்படலையா என்றேன். "நீ கஷ்டப்படுறேதான். நாங்க பட்டது தப்புன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். அப்புறம் ஓவர்டைம் தருகிறார்களா, மணிக்கு எவ்வளவு, ரூபாயில் எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.


ஒரு ஸ்டாஃப் நர்ஸ்:

நான் உங்கள் குடும்பம் இல்லை. பாட்டி கடைசியாக அட்மிட் ஆகியிருந்தபோது அந்த வார்டில் இருந்தவள், அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் டிரிப் போட்டுவிட்டு வேகத்தைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தேன். பாட்டி மணிக்கட்டு வாட்ச்சைக் கழற்றி வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு சொட்டைப் பார்த்து உதடு அசைத்துக்கொண்டிருந்தார். ஏதோ மந்திரம் சொல்கிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, ஐந்நூறு மில்லி நாலு மணி நேரத்துக்குன்னா நிமிஷத்துக்கு முப்பத்தொண்ணு விழணும், நாப்பத்திரண்டு விழுதே" என்றார். நான் சரியாகத்தான் வைத்திருந்தேன். பாட்டி, இந்த செட்டில் ஒரு மில்லிக்கு இருபது சொட்டு, நாற்பத்திரண்டுதான் சரி என்றேன். நம்பவில்லை. எங்க காலத்துல பதினஞ்சு என்றார். குப்பைக்கூடையிலிருந்து கவரை எடுத்துவந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் படித்தார். "சரி, நீ சொன்னது கரெக்ட். ஆனா டேப்பைக் கோணலா ஒட்டியிருக்கே" என்றார்.

அன்று மத்தியானமே என் சம்பளத்தைக் கேட்டார். சொன்னேன். பி.எஃப். பிடிக்கிறார்களா என்று கேட்டார், இல்லை என்றேன். மறுநாள் காலை ரவுண்ட்ஸுக்குப் பெரிய டாக்டர் வந்து பாட்டி எப்படி இருக்கீங்க என்று கேட்டதும், மூச்சு வாங்கிக்கொண்டே, "நான் நல்லா இருக்கேன், இந்தப் பொண்ணுக்கு ஏன் பி.எஃப். பிடிக்கலை" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அவர்கள் போன பிறகு எனக்கு மேலே கூப்பிட்டு நல்ல டோஸ் விழுந்தது, பாட்டியிடம் நான் அதைச் சொல்லவில்லை. அப்புறம் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டேன், இங்கே பிடிக்கிறார்கள்.